அடிதட்டும் வண்டியும் நாற்பதாயிரம் ரூபாயும்

கேள்வி: போன வருஷம் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2017 மாடல், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. டயர் 245/70 ஆர்16. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் கல்பாதை. மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் சக்கரத்தடம் பள்ளமாகி, நடுவில் மேடு நிற்கும். ஏறும்போது நாலைந்து உரமூட்டை, இறங்கும்போது காய். அடியில் தட்டாமல் ஒருநாளும் ஏறியதில்லை. “நாலு கட்டை வெச்சா மூணு இஞ்ச் தூக்கிரலாம்” என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். வெளிநாட்டு செட் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. என்னிடம் இருப்பது நாற்பதாயிரம். அதற்குள் எவ்வளவு தூக்கலாம்?
— ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: மூன்று அங்குலம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். நாற்பதாயிரம் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். வண்டியில் எது தட்டுகிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அது தெரியாமல் செய்கிற செலவுதான் இந்த வேலையில் பெரும்பாலும் வீணாகிறது.

முதலில் ஒரு காசில்லாத சோதனை. கொஞ்சம் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் அடியைக் கழுவிக் காயவிட்டு, தட்ட வாய்ப்புள்ள இடங்களில் பூசுங்கள்: இன்ஜினுக்குக் கீழுள்ள காப்புத் தகடு, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பக்கவாட்டு ஃபுட்போர்டு, பின்பக்க டிஃப்ரன்ஷியல் உருண்டை, ஷாக் அப்சார்பரின் கீழ்க் கொக்கி, பம்பருக்கு அடியில் இருக்கும் இழுவைக் கொக்கி. வழக்கமாக ஏற்றும் மூட்டைகளோடு ஒருதடவை ஏறி இறங்குங்கள். எங்கெல்லாம் சுண்ணாம்பு உரிந்திருக்கிறதோ அங்கெல்லாம் தட்டுகிறது. வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவிவிடுங்கள், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும்.

உரிந்தது ஃபுட்போர்டிலும் இழுவைக் கொக்கியிலும் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டையும் ஸ்பேனர் வைத்துக் கழற்றினால் தீர்ந்தது. செகண்ட் ஹேண்டில் வரும் பிக்கப்களில் முந்தைய உரிமையாளர் அழகுக்கு மாட்டிய இரும்புக் குழாய்கள் எப்படியும் இரண்டு மூன்று இருக்கும். முன்னால் கனமான இரும்பு பம்பர் கார்டு இருந்தால் அதையும் கழற்றுங்கள். அந்த எடை முழுவதையும் முன் ஸ்பிரிங்தான் சுமக்கிறது. இறக்கிவைத்தால் மூக்கு தானாகவே கொஞ்சம் எழும்பும். அதைத் தவிர, பம்பர் கார்டு மாட்டிய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இருந்தால்தான் வம்பு.

உரிந்தது முன்பக்கக் காப்புத் தகடு என்றால், முன்பக்கத்தைத் தூக்கினால் பலன் உண்டு. வி-கிராஸில் முன் சக்கரங்கள் தனித்தனி ஆர்ம்களில் தொங்குகின்றன, காயில் ஸ்பிரிங். முன் டிஃப்ரன்ஷியல் சேஸிஸோடு கட்டப்பட்டிருக்கிறது. சேஸிஸ் ஏறினால் அதுவும் கூடவே ஏறும்.

பின்பக்கம் கதை வேறு. அங்கே அச்சு ஒரே துண்டு, சக்கரத்துக்குச் சக்கரம் நேராக ஓடுகிறது. டிஃப்ரன்ஷியல் உருண்டை அதன் நடுவில் தொங்குகிறது. நீங்கள் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே மூன்று அங்குலக் கட்டை வைத்தாலும் சரி, பத்து அங்குலக் கட்டை வைத்தாலும் சரி, மேலே போவது சேஸிஸும் தொட்டியும்தான். உருண்டை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட நகராது, ஏனென்றால் அது நிற்பது சக்கரத்தின் மேல். சக்கரம் பெரிதானால் மட்டும்தான் அது உயரும், அதுவும் விட்டம் கூடியதில் பாதி. நடுவில் மேடு நிற்கிற பாதையில் முதலில் உரசுவது பெரும்பாலும் இந்த உருண்டைதான். உங்கள் சுண்ணாம்பு அங்கே உரிந்திருந்தால், மெக்கானிக் சொன்ன கட்டைக்குக் கொடுக்கும் பணம் அந்த உரசலுக்கு ஒரு பைசா மருந்தும் ஆகாது.

அப்போது என்ன செய்வது? கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் நான் முதலில் சொல்வது பாதையைத்தான். மூன்று கிலோமீட்டரில் வண்டி தட்டுவது எத்தனை இடம்? எண்ணினால் ஏழெட்டு இருக்கும். தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களில் இரண்டு பேரை மம்பட்டியும் கடப்பாரையுமாக அனுப்பி, அந்த இடங்களில் நடு மேட்டை வெட்டி, சக்கரத்தடத்தில் கல் பரப்பி, தண்ணீர் பக்கவாட்டில் வடிய ஒரு வாய்க்கால் கீறச் சொல்லுங்கள். ஒவ்வொரு மழைக்கும் பிறகு திரும்பச் செய்யவேண்டியிருக்கும். இருந்தாலும் எந்த ஸ்பிரிங் செட்டையும்விட மலிவு. ஓட்டும்போதும், பள்ளம் ஆழமாக இருக்கும் இடத்தில் இரண்டு சக்கரத்தையும் தடத்துக்குள் இறக்காமல், ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டின் மேல் ஏற்றி ஓட்டிப் பழகுங்கள். வெளி விளிம்பு சரிவாக இருந்தால் மட்டும் வேண்டாம்.

இனி வண்டி. தூக்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், உங்கள் வண்டி இப்போது அதன் சொந்த உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 1,10,000 கிலோமீட்டர், அதிலும் மலைப்பாதையில் சுமையோடு ஓடிய வண்டி நிச்சயம் உட்கார்ந்திருக்கும். சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப்பால் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். பிறகு ஷோரூமிலோ தெரிந்தவரிடமோ அதிகம் ஓடாத வி-கிராஸ் இருந்தால் அதையும் இப்படியே அளந்து ஒப்பிடுங்கள். ஓட்டுநர் பக்கம் மற்ற பக்கத்தைவிடத் தாழ்ந்திருப்பது பழைய வண்டிகளில் சகஜம். ஒரு அங்குலம் இறங்கியிருந்தால், அந்த ஒரு அங்குலத்தைத் திரும்பப் பெறுவதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மலிவான, சட்டச் சிக்கல் இல்லாத ‘தூக்கல்’. கம்பெனி அளவு ஸ்பிரிங்கும் புஷ்ஷும் மாற்றுவது ரிப்பேர், மாற்றம் ஆகாது.

பின்பக்கப் பட்டைக்கு நல்ல ஸ்பிரிங் பட்டறையைத் தேடுங்கள். கார் ஒர்க்‌ஷாப் வேண்டாம். லாரிக்குக் கமான் பட்டை கட்டுகிற பட்டறையாக இருக்கட்டும். தேனியிலும் கம்பத்திலும் விசாரித்தால் கிடைக்கும், இல்லையென்றால் நாமக்கல், சங்ககிரி பக்கம் அந்தத் தொழிலே ஊர்த்தொழில். பட்டை செட்டை இறக்கிப் பிரித்து, விரிசல் பார்த்து, வளைவு இறங்கிய பட்டைகளுக்கு கேம்பர் ஏற்றித் தருவார்கள். இதில் ஒன்றே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: குளிர்நிலையில் அடித்தோ பிரஸ்ஸில் வைத்தோ வளைக்கவேண்டும், கேஸ் தீ காட்டி வளைக்கக் கூடாது. ஸ்பிரிங் ஸ்டீலுக்கு அந்த விறைப்பு வந்ததே தொழிற்சாலையில் சூடாக்கி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கியதால்தான். சாலையோரத்தில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்ட பட்டைக்கு அந்தக் குணம் போய்விடும். முதல் மாதம் நிமிர்ந்து நிற்கும், அப்புறம் படுத்துவிடும், அல்லது காய்ச்சிய இடத்தில் ஒடியும்.

உங்களுக்குச் சுமை இருப்பதால், கேம்பரோடு சேர்த்து ஒரு கூடுதல் பட்டையும் சேர்க்கலாம். குட்டைப் பட்டையாகச் செருகினால் அது நடுவில் மட்டும் தாங்கி மெயின் பட்டையை ஓரிடத்தில் ஒடிக்கப் பார்க்கும். இரண்டாம் பட்டை அளவுக்கு நீளமானதாகக் கேளுங்கள். ஒரு அங்குலம் ஒன்றரை அங்குலம் ஏறும், மூட்டை ஏற்றினாலும் அவ்வளவாக அமுங்காது. காலியாகப் போகும்போது பின்பக்கம் கொஞ்சம் எகிறும், பொறுத்துக்கொள்ளவேண்டியதுதான். பட்டையைக் கூட்டியதால் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடை கூடிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். தனிநபர் வாகனமாகப் பதிவான வி-கிராஸுக்கு அனுமதித்த சுமை பலரும் நினைப்பதைவிடக் குறைவு. யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

யூ போல்ட் நான்கும் புதிதாகப் போடுங்கள். இறுக்கும்போது இழுபட்டு நீண்டுதான் அது பிடிக்கிறது. ஒருமுறை இழுபட்டதைத் திரும்பப் போட்டால் அதே பிடி வராது. போட்டு 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பக்கத்துக்கு வருவோம். சுண்ணாம்பு காப்புத் தகட்டில் உரிந்து, ஸ்பிரிங்கும் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் இந்தப் பகுதி உங்களுக்கு. ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் வட்ட ஸ்பேசர்தான் குறைந்த பட்ஜெட்டில் முடியும் வழி. நல்ல லேத்தில் கடைந்து வாங்கலாம், ரெடிமேடாகவும் கிடைக்கிறது. இங்கே பலரும் ஏமாறும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரட், கீழ் ஆர்மின் நுனியில் நிற்கவில்லை, நடுவில் எங்கோ நிற்கிறது. அதனால் தலையில் ஒரு அங்குலம் ஏற்றினால் சக்கரத்தில் ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் வரை தெரியும். இரண்டு அங்குலம் வேண்டும் என்று இரண்டு அங்குல ஸ்பேசர் வைத்தவர்களின் வண்டியை நான் பார்த்திருக்கிறேன். மேல் ஆர்ம் போய் காயில் ஸ்பிரிங்கில் இடிக்கும், ஆக்சில் ஷாஃப்டின் சி.வி. ஜாயின்ட் கோணம் தாங்காமல் ரப்பர் பூட் கிழியும், கிழிந்த பூட்டுக்குள் சேறு போனால் ஜாயின்ட்டின் ஆயுசு அவ்வளவுதான்.

எனவே 20 மி.மீ., கூடிப்போனால் 25 மி.மீ. ஸ்பேசர். அதற்குமேல் போவதென்றால் மேல் ஆர்ம் மாற்றவேண்டும், உங்கள் பட்ஜெட் அதற்கு இல்லை. ஸ்பேசர் வைத்தபின் சக்கரம் முழுக்க மேலே ஏறும்போது ஷாக் அப்சார்பர் வழக்கத்தைவிட அவ்வளவு கூடுதலாக அமுங்கியாகவேண்டும். அதன் அடி போய் முட்டாமலிருக்க, பம்ப் ஸ்டாப் ரப்பரையும் அதற்கேற்ப உயர்த்தச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் பெரும்பாலானவர்கள் செய்யமாட்டார்கள். ஸ்பேசரை ஸ்ட்ரட்டின் தலைக்கு மேலேதான் வைக்கவேண்டும். ஸ்பிரிங்குக்கு உள்ளே வைக்கிற வகையும் இருக்கிறது, அதற்கு ஸ்பிரிங்கைச் சுருக்கிக் கழற்றவேண்டும். சரியான கம்ப்ரசர் இல்லாமல் கயிறும் கம்பியும் கட்டிச் சுருக்குவதைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். சுருக்கிய காயில் ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொன்றுவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், இதற்குக் காசே கிடையாது. ஆர்ம்களின் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. தளர்வாக மாட்டி, நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டியை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டபின் கடைசியாக இறுக்கவேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து ஒரு வருடத்தில் கிழிந்துவிடும். பட்டை ஷாக்கிள் போல்ட்டுக்கும் இதே கணக்குதான். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம் இரண்டும் கட்டாயம். மூக்கு எழும்பிய வண்டியின் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் அது யாருக்கும் நல்லதில்லை.

உங்கள் மெக்கானிக் சொன்ன ‘நாலு கட்டை’. முன்பக்கம் காயில் ஸ்பிரிங் என்பதால் அங்கே கட்டைக்கு இடமே இல்லை, அவர் ஸ்பேசரைத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் மூன்று அங்குலக் கட்டை என்பது எனக்குச் சம்மதமில்லை. முதல் கியரில் ஏற்றத்தில் இழுக்கும்போது அச்சு தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளப் பார்க்கும். அந்தச் சுழற்சியைத் தடுப்பது பட்டை மட்டும்தான். கட்டை உயர உயர அந்தச் சுழற்சிக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது. பட்டை எஸ் வடிவில் நெளியும், புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ் துள்ளும், யூ போல்ட் தளரும். மரக்கட்டை, இரண்டு கட்டையை அடுக்குவது, பைப்பை வெட்டி வெல்டு வைப்பது இதெல்லாம் பேச்சுக்கே வேண்டாம். ஒரு அங்குலத்துக்குள் வார்ப்பிரும்புக் கட்டை, நடுவில் சென்டர் போல்ட் உட்காரக் குழியும் குமிழும் உள்ளது, புது யூ போல்ட்டோடு என்றால் மட்டும் பரவாயில்லை. அதைவிடக் கூடுதல் பட்டை மேல்.

பின்பக்கத்தை உயர்த்தும்போது பார்க்கவேண்டிய இன்னொன்று பிரேக். சில பிக்கப்களில் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு லோடு சென்சிங் வால்வு இருக்கும். சேஸிஸ் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து அது பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடுவது என்று முடிவுசெய்கிறது. சேஸிஸை உயர்த்தினால் வண்டி காலி என்று அது நினைத்துக்கொண்டு, ஆறு மூட்டை இருந்தாலும் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருந்தால் கம்பியைச் சரிசெய்யாமல் மலை இறங்காதீர்கள். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர் இரண்டும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இழுபடுகிறதா என்பதையும் ஜாக்கியில் தூக்கிப் பார்க்கவேண்டும்.

டயர். உருண்டை தட்டுகிறது என்றால் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். உங்கள் 245/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ. 265/70 ஆர்16 போட்டால் 777 மி.மீ. கூடியது 28, அச்சுக்குக் கிடைப்பது அதில் பாதி, 14 மி.மீ. அரை அங்குலத்துக்கும் சற்று அதிகம். இதற்கு விலையாக ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ஐ ஒட்டி ஓடும், கியர் எல்லாம் கொஞ்சம் நீண்டுபோகும், ஏற்றத்தில் கிளட்ச்சை அதிகம் பிடிக்கவேண்டிவரும். இன்சூரன்ஸ், சோதனை இரண்டிலும் கேள்வி வரும். நான்கு டயர் வாங்கினால் உங்கள் நாற்பதாயிரமும் அங்கேயே தீர்ந்துவிடும். என் யோசனை, இப்போதைய டயர் தேயும்வரை ஓட்டிவிட்டு, அடுத்து வாங்கும்போது அதே அளவில் பக்கச்சுவர் தடித்த ஆல் டெரெய்ன் டயராக வாங்குங்கள். கல்பாதையில் காலியாக ஏறும்போது காற்றை 25 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் கல்லைக் கவ்விக்கொண்டு ஏறும், தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்க ஒரு சின்ன 12 வோல்ட் கம்ப்ரசர் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். மூட்டை இருக்கும்போது குறைக்காதீர்கள்.

இப்போது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது, அந்த வழக்கு போனதே கேரளத்திலிருந்து. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். நீங்களோ அடிக்கடி மாநில எல்லை தாண்டுகிறவர். இறங்கிப்போன ஸ்பிரிங்கைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்ததை யாரும் கேட்கமுடியாது. முன்னால் ஸ்பேசர், பின்னால் கட்டை என்று எட்ட நின்றே தெரியும்படி நின்றால் கேட்பார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் அடியில் குனிந்து பார்க்கும் நாளில்தான் அது உண்மையில் வலிக்கும்.

உயரம் கூடுவதால் வண்டி எவ்வளவு எளிதாகச் சாயும் என்பதற்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. இடது வலது சக்கரங்களின் இடைவெளியில் பாதியை, எடைமையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்கவேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வண்டிகள் கவிழும் அபாயத்துக்கு மதிப்பெண் போடுவது இந்த எண்ணை வைத்துத்தான். உங்கள் வண்டியில் இடைவெளி சுமார் 1,570 மி.மீ. எடைமையம் 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்தால் 1.12 வரும். மூன்று அங்குலம் ஏற்றினால் 1.01-க்கு இறங்கிவிடும். தொட்டியில் மூட்டை அடுக்கினால் இன்னும் இறங்கும். ஒரு பக்கம் சரிவான தோட்டப் பாதையில் இந்த எண் விளையாட்டு அல்ல.

நாற்பதாயிரத்தை நானாக இருந்தால் இப்படிச் செலவு செய்வேன். முதலில் பாதைக்கு ஆள்கூலி. அடுத்து பின் பட்டை செட்டைப் பிரித்துக் கட்டுவது, ஒரு நீளப் பட்டை, புஷ், யூ போல்ட். மூன்றாவதாக ஷாக் அப்சார்பர் நான்கையும் சோதிப்பது. 1,10,000 கிலோமீட்டரில் அவை ஒழுகாமல் இருந்தாலும் செத்திருக்க வாய்ப்பு அதிகம். இருக்கும் பணத்தில் பெரும்பங்கு இங்கே போகட்டும். செத்த ஷாக்கோடு வண்டி ஒவ்வொரு குழியிலும் அமுங்கி அமுங்கி எழும். நின்ற இடத்தில் இருக்கும் உயரம் ஓட்டத்தில் இருக்காது, தட்டுவதில் பாதி அந்த நேரத்தில்தான். இதற்கெல்லாம் பிறகும் முன் தகடு உரசினால், அப்போது 20 மி.மீ. ஸ்பேசரும் அலைன்மென்ட்டும். அந்தக் கட்டம் வரவே வராது என்பது என் எண்ணம்.

கேள்வி: என்னுடையது 2014 மாடல் தார் சி.ஆர்.டி.இ. முன்பக்க டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கினால் செலவில்லாமல் ஏறும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நானே முறுக்கினேன். இரண்டரை அங்குலம் ஏறியது. ஆனால் சின்னச் சின்ன மேட்டுக்கெல்லாம் முன்பக்கம் ‘டங் டங்’ என்று அடிக்கிறது. ஸ்பிரிங் இறுகிவிட்டதா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இறுகவில்லை. டார்ஷன் பாரின் விறைப்பு அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது, போல்ட்டால் அதை மாற்றமுடியாது. போல்ட் செய்வதெல்லாம் கம்பி எங்கிருந்து முறுகத் தொடங்குகிறது என்பதை மாற்றுவதுதான். சக்கரம் மேலும் கீழும் போகிற மொத்தத் தூரம் முன்பு இருந்த அளவேதான். முன்பு வண்டி அதன் நடுவில் எங்கோ நின்றது, இப்போது கீழ் எல்லைக்கு ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள். சக்கரம் குழியில் இறங்க இடமில்லாமல் மேல் ஆர்ம் போய்த் தன் ரப்பர் ஸ்டாப்பரில் அடிக்கிறது. அந்த ‘டங்’ அதுதான்.

குனிந்து பாருங்கள். வண்டி தரையில் நிற்கும்போது ஆர்முக்கும் கீழிறக்க ஸ்டாப்பருக்கும் நடுவில் விரல் நுழையாத அளவுக்கு ஒட்டியிருக்கும். நல்ல இடைவெளி தெரியும்வரை போல்ட்டைத் தளர்த்துங்கள். அநேகமாக ஒரு அங்குலம்தான் மிஞ்சும், இந்த வண்டிக்கு அது போதும். தளர்த்துவதற்கு முன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, சுமை முழுக்க இறங்கியபின் திருப்புங்கள். சுமையோடு திருப்பினால் மரை போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை சுற்று திருப்பினால் சமமாக வரும் என்று நம்பாதீர்கள், ஒவ்வொரு தடவையும் வண்டியை இறக்கி, கொஞ்சம் ஓட்டி, டேப்பால் அளந்து முடிவு செய்யுங்கள். முடிந்ததும் போல்ட்டில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் பின்னால் யார் கை வைத்தாலும் தெரியும். அலைன்மென்ட் செய்யாமல் இரண்டரை அங்குலத்தில் ஓட்டியிருந்தால் முன் டயரின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் ஒரு பார்வை பாருங்கள், ஏதாவது ஒன்று தின்றிருக்கும்.

கேள்வி: தாண்டிக்குடியில் காபித் தோட்டத்துக்கு மகிந்திரா எம்.எம்.540 வைத்திருக்கிறேன். பட்டைக்கு மேலே இருக்கும் அச்சைக் கீழே மாற்றிவிட்டால் ஐந்து அங்குலம் ஏறும், வெல்டிங் செலவு மட்டும்தான் என்கிறார்கள். இல்லையென்றால் நீள ஷாக்கிள். எது நல்லது?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, இரண்டும் வேண்டாம்.

அச்சைப் பட்டைக்குக் கீழே கொண்டுபோவது வெல்டிங் செலவோடு முடிவதில்லை. பட்டை உட்காரும் இருக்கையைப் புதிதாக வெல்டு வைக்கவேண்டும். அதன் கோணம் தப்பினால் கிராஸ் போகும். புரொபெல்லர் ஷாஃப்ட் நீளம் பற்றாது, பிரேக் ஹோஸ் பற்றாது. ஸ்டீயரிங் ராடு செங்குத்தாகி, மேட்டில் ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே சக்கரம் திரும்பும். ஒவ்வொன்றையும் சரிசெய்து முடிப்பவர்கள் உண்டு. அவர்கள் அதற்கு இன்னொரு ஜீப்பின் விலையைச் செலவழித்திருப்பார்கள்.

நீள ஷாக்கிள் மலிவு, ஆனால் அது கொடுப்பது அதன் நீளத்தில் பாதிதான். ஒரு அங்குலம் ஏற இரண்டு அங்குலம் கூடுதலாக வேண்டும். முன்பக்கத்தில் நீட்டினால் அச்சு முன்னோக்கிச் சாய்ந்து கேஸ்டர் குறையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, வேகத்தில் முன் சக்கரம் உதறத் தொடங்கும். இரும்புக் குழாயை வெட்டி வெல்டு வைத்த ஷாக்கிளாக இருந்தால் சரிவில் பக்கவாட்டாக மடங்கும் ஆபத்தும் உண்டு.

உங்கள் ஜீப்புக்கு வேண்டியது பட்டை வேலை. இந்த வயது ஜீப்களில் பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி, நான்கும் ஒரே கட்டி இரும்பாக நிற்கும். செட்டை இறக்கிப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் துரு நீக்கி, கிராஃபைட் கிரீஸ் தடவி, குளிர்நிலையில் கேம்பர் ஏற்றி, புஷ்ஷும் ஷாக்கிள் பின்னும் புதிதாகப் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஒரு அங்குலம் ஏறலாம், இரண்டும் ஏறலாம், எவ்வளவு இறங்கியிருந்தது என்பதைப் பொறுத்தது. அதைவிட, சக்கரங்கள் மறுபடி தனித்தனியாக மடங்கி இறங்கத் தொடங்கும். இதுவரை ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்ற இடங்களில் நான்கும் தரையைப் பிடிக்கும்.

கட்டும்போது சென்டர் போல்ட்டும் புதிதாக இருக்கட்டும். விலை ஒன்றுமில்லாத சாமான் என்று பழையதையே போட்டுவிடுவார்கள். அதன் தலை தேய்ந்து இருக்கையிலிருந்து நழுவினால் அச்சு ஒரு பக்கம் பின்னுக்குப் போய், ஜீப் நண்டு மாதிரி ஓரம்கட்டி ஓடும். வேலை முடிந்ததும் முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். அளவு ஒத்துவராவிட்டால் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள்.